மூன்று சுழிப் பனி

எங்கள் கடையில் அச்சான கல்யாணப் பத்திரிகையில் யாராவது ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துக் காட்டட்டும், அடுத்த பத்திரிகையை இனாமாக அடித்துக் கொடுக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சிங்கப்பூர் கிளைவ் ஸ்ட்ரீட்டில் இத்தனை வருடம் அச்சுக்கடை நடத்தியவள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது? மணமகளுக்கு மூன்று சுழி ண போடாமல் இரண்டு சுழி ன போட்டு ‘மனமகள்’ ஆக்கிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட எனக்கு வந்து பிறந்தாள் இனியா. தமிழ்த் தேர்வுத் தாளைச் சிவப்பு வட்டமில்லாமல் ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. கண்ணுக்கு இரண்டு சுழி, மனத்துக்கு மூன்று சுழி. “ஏண்டி இப்படி என் மானத்த வாங்குற?” என்று கேட்டால், அந்த மானத்தையும் மாணம் என்று எழுதிக் காட்டுவாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவள் புத்தி முழுக்கச் சக்கரத்தில் இருந்தது. எங்கள் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குப்பை லாரி பின்னால் போகும்போது வரும் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவாள். வயது வந்ததும் கனரக வண்டிக்கான கிளாஸ் ஃபோர் லைசென்ஸ் எடுத்தாள், பிறகு கிளாஸ் ஃபைவ். துவாஸில் கண்டெய்னர் இழுக்கும் பெரிய வண்டியை ஓட்ட ஆரம்பித்தாள். அந்த வண்டியின் படியில் ஏறி உட்கார எனக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். அவள் ஏதோ வீட்டுச் சோபாவில் உட்காருவதைப் போல ஏறி உட்காருவாள்.

முதலில் அவள் போய் நின்றது என் அண்ணன் ரத்னவேலிடம்தான். சுங்கை காடுட்டில் அவருக்கு லாரி யார்டு இருக்கிறது. சொந்த மாமன், அவருக்கு வண்டி இருக்கிறது, இவளிடம் லைசென்ஸ் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? அண்ணன் அவளுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, “ஓட்டுறதெல்லாம் ஒனக்குச் சரிப்படாதும்மா. ஆபீஸ்ல ஒக்காந்து பில்லு போடு. ஏசி ரூமு” என்றார். அவள் கோப்பியைக் குடித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். நான்தான் அண்ணனோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை.

போன வருடம் கனடாவில் டிரைவர் தேவை என்று எங்கோ பார்த்து, விண்ணப்பித்து, அங்கே திரும்ப டெஸ்ட் எடுத்துத் தேறி, மலைத்தொடரைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தும்விட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் குளிர்காலத்தை ஓட்டி முடிக்க வேண்டும். முடித்தால் வேலை நிரந்தரம். வண்டியைச் சறுக்க விட்டாலோ, ஓட்ட முடியவில்லை என்று கையை விரித்தாலோ, வேலை போகும், வேலையோடு விசாவும் போகும், அடுத்த விமானத்தில் சாங்கிக்கு வந்து இறங்க வேண்டியதுதான். இதைக் கேட்டதும் அண்ணன், “தை மாசம் பொறக்கறதுக்குள்ள வந்துருவா, பாரு” என்றார். “இங்க மழைக்கே வண்டி வழுக்குது. பனில இவ என்னா செய்வா?” என்று வேறு கேட்டார். அன்றிலிருந்து என் காலண்டரில் தை முதல் தேதி ஒரு பரீட்சை நாளாகிவிட்டது.

பனி என்றால் எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த பனி வீட்டு ஐஸ்பெட்டியில் மீனைச் சுற்றிப் பிடித்திருப்பது. தமிழில் எல்லாவற்றுக்கும் பனி என்று ஒரே சொல்தான். விடியற்காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டிப் படத்தில் புகையாக மிதப்பதும் பனி, மலையில் ஆளை மூடுவதும் பனி. இனியா போனில், “இன்னிக்குப் பனி பெய்யுதும்மா” என்று சொல்லும்போதெல்லாம், “எந்தப் பனிடி? ஓட்டலாமா, ஓட்டக் கூடாதா?” என்று கேட்பேன்.

“அதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல தனித்தனிப் பேரு இருக்கும்மா. சொன்னா ஒனக்கு விளங்காது.”

“விளங்கலன்னா தமிழ்ல பேரு வையி. அச்சுக்கடைக்காரி மககிட்ட இல்லாத தமிழா?”

அப்படித்தான் எங்கள் பனிக்குப் பெயர் வந்தது. கடுங்குளிரில் கொட்டுவது மாவுப் பனி. கையில் அள்ளினால் இடியாப்ப மாவாக உதிரும், ஒட்டாது. டயர் அதில் நன்றாகவே பிடிக்குமாம். ஆனால் முன்னால் போகிற வண்டி அதைக் கிளப்பிவிட்டால் சாலை, வானம், முன்வண்டி எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும், அதனால் வெகுவாகப் பின்தங்கி ஓட்ட வேண்டும். குளிர் கொஞ்சம் குறைந்தால் விழுவது புட்டுப் பனி. பிடித்தால் பிடிபடும். “பாக்கத்தான் சாது. டயர் ஏற ஏற இறுகி மொழுமொழுன்னு ஆயிரும். வெளக்கையும் அப்பி மூடிடும். எறங்கி எறங்கித் தொடைக்கணும், ஏத்தத்துல டயருக்குச் செயின் கட்டணும்” என்றாள். அந்தச் செயினை ஒரு நாள் வீடியோவில் தூக்கிக் காட்டினாள். இடுப்பொடிக்கிற கனம். நான் பெற்ற பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அதை டயர்மேல் வீசுகிறாள். நான் அந்த வீடியோவைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகைக்கு வந்த நாகம்மா என்ற அம்மாள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல மூணு ஆம்பளைங்க இருக்காங்க, கேஸ் சிலிண்டர நான்தான் தூக்கறேன்” என்று சொல்லிப் போனார்.

பாதி உருகிச் சாலையில் சதசதவென்று கிடப்பதற்குக் கச்சாங் பனி என்று பெயர் வைத்தாள். தேக்கா சந்தையில் துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் தின்றவளுக்கு வேறென்ன தோன்றும்? லேன் மாறும்போது அது ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்குமாம். இழுக்கிற பக்கம் பதறித் திருப்பாமல் வேகத்தைக் குறைத்து, மெதுவாகத் தாண்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னாள். அதற்கு மட்டும் சாப்பாட்டுப் பெயர் வைக்க மாட்டேன் என்றாள். மழை நனைத்த ரோடு மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். வெள்ளையே கிடையாது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்திருக்கும். “அதுக்கு ‘இல்லாத பனி’ன்னு பேரு” என்றாள். நான் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

“கண்ணுக்குத் தெரியாதத எப்படிடி கண்டுபுடிப்ப?”

“முன்னால போற வண்டியோட டயரப் பாக்கணும்மா. ரோடு ஈரமா இருந்தா டயர் தண்ணிய வாரி எறைக்கும். ரோடு ஈரமா தெரிஞ்சும் தண்ணி எறைக்கலன்னா, அது தண்ணி இல்ல.”

அந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆர்ச்சர்ட் ரோட்டில் மழையில் டாக்சியில் போகும்போது முன் வண்டியின் டயரைப் பார்த்து, “எறைக்குது, எறைக்குது, பயமில்ல” என்று நான் சொல்ல, டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொன்றும் நடந்தது. அவள் எனக்கு அனுப்பும் செய்தியையெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழை உருட்டித்தான் எழுதுவாள். தமிழ் எழுத்தில் எழுதினால்தான் பதில் போடுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். போனில் ஏதோ ஒரு வசதியாம், ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டும், வேண்டியதைத் தொட வேண்டும். முதலில் எல்லாம் தப்பும் தவறுமாக வந்தது. நான் விடவில்லை. ‘பனிக்கு இரண்டு சுழி. மூன்று சுழி போட்டால் வேலை என்று பொருள்’ என்று திருத்தி அனுப்பினேன். மார்கழி பிறக்கும்போது தெளிந்துவிட்டாள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும், ‘இன்னிக்குப் பனி: புட்டு. போய்ச் சேந்துட்டேன்’ என்று வரும். இரண்டு சுழி, முத்து முத்தாக. செயினைத் தூக்கியதைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகளை இறக்கிச் சாத்தியிருந்தார்கள், நடக்க வழியில்லை. கடையில் நானும் ஃபாரூக்கும் மட்டும். மெஷின் ஃபாரூக்கின் கையில்தான் இருக்கிறது. வாய் ஓயாது, வேலையும் ஓயாது, அதனால்தான் நான் அவரை வைத்திருக்கிறேன். அண்ணன் தன் புதிய லாரியின் கதவில் ஒட்ட ஸ்டிக்கர் வாங்க வந்திருந்தார். வந்ததும் காலண்டரைப் பார்த்தார். நான் தினமும் பார்க்கும் அதே தேதியை அவரும் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு மூணு நாள்தான் இருக்குல்ல” என்றார்.

“என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. நேத்து கச்சாங்ல ஓட்டிட்டுப் போயிருக்கா” என்றேன்.

“என்னா கச்சாங்?”

“ஒங்களுக்கு விளங்காது.”

அப்போதுதான் என் போன் சிணுங்கியது. இனியாதான். பெருமையாக அண்ணன் முன்னாலேயே திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன்.

‘அம்மா பணில நின்னுட்டேன். கவலப்படாத. அப்பறம் பேசறேன்.’

மூன்று சுழி.

பணியில் நின்றுவிட்டேன். வேலையிலிருந்து நின்றுவிட்டேன். கவலைப்படாதே என்றும் போட்டிருக்கிறாள். வேலை போன பிள்ளைதான் தாய்க்குக் கவலைப்படாதே என்று எழுதும். ஃபாரூக் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உடனே அவளுக்குப் போன் போட்டேன். போகவில்லை. திரும்பப் போட்டேன். மலைக்குள் சிக்னல் இல்லையென்றால் ஒரு ஆங்கிலக்காரி பேசுவாளே, அவள்தான் பேசினாள்.

ஃபாரூக் தலையைச் சொறிந்தார். “அக்கா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா இருக்குமோ? பனில நின்னுட்டேன்னு சொல்ல வந்து…”

“என் பொண்ணு ணகரத்துல தப்பு விடமாட்டா” என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது. “அதெல்லாம் போன மாசத்தோட முடிஞ்சி போச்சு. இப்ப என்னைவிடச் சுத்தமா எழுதறா.”

அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால்கூட தாங்கியிருப்பேன், நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “வரச் சொல்லு கண்மணி. எதுவும் கேக்காத. நம்ம ஆபீஸ்ல அந்த சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு. வந்து ஒக்காரட்டும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. என் மகள் தோற்றுவிட்டாள் என்பது அவருக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது.

“அண்ணே” என்றேன். “அவ நின்னா நின்னுட்டுப் போறா. ஆனா ஓட்டுனது ஓட்டுனதுதான். நீங்க இத்தன வருஷமா லாரி வச்சிருக்கீங்க. மாவுப் பனில ஓட்டியிருக்கீங்களா? புட்டுப் பனில டயருக்குச் செயின் கட்டியிருக்கீங்களா? என் பொண்ணு கட்டியிருக்கா. அவள அந்தக் காலி சீட்டுல ஒக்கார வைக்கிற நெனப்ப இன்னியோட விட்டுருங்க. வந்தா இங்கயும் லாரிதான் ஓட்டுவா. ஒங்க லாரி இல்லன்னா இன்னொருத்தன் லாரி.”

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் ஸ்டிக்கர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஃபாரூக் போய் பாலில்லாத தேநீர், மூன்று தே ஓ, வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. நான் அவளுக்கு, ‘பரவாயில்லை, வந்துவிடு’ என்று எழுதிப் பார்த்தேன். அனுப்பக் கை வரவில்லை. அழித்தேன். சாங்கி விமான நிலையத்தில் டியூட்டியிலிருந்த என் வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்க இருட்டு, நடுவில் மஞ்சள் விளக்கில் இனியாவின் முகம். மூக்கு சிவந்து, தலையில் கம்பளித் தொப்பி. வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் சுடுதண்ணீர்க் குடுவை.

“என்னடி ஆச்சு? வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?” என்றேன்.

“யாரு எடுத்தா? இப்பதான் மேகி போட்டுச் சாப்ட்டேன்.”

“நீதானடி பணில நின்னுட்டேன்னு எழுதின.”

“ஆமா, பனில நின்னுட்டேன். ரோட்டோரம். இல்லாத பனி வந்துச்சும்மா.”

ஃபாரூக் சத்தம் வராமல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு உயிர் திரும்பி வந்ததா, கோபம் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன. “மூணு சுழி போட்டிருக்கடி, பாவி” என்றேன்.

“கை வெறைச்சிப் போச்சும்மா. மொதல்ல காட்டினத அமுக்கிட்டேன். அனுப்பின ஒடனே சிக்னலும் போச்சு. இப்பதான் திரும்ப வந்துச்சு.”

அண்ணன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவரைப் பார்த்ததும் இனியா, “மாமா, நல்லாருக்கீங்களா?” என்றாள்.

“எங்க நிக்கிற?” என்று கேட்டார் அண்ணன். நலம் விசாரிக்கவில்லை. லாரிக்காரர் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“உச்சியத் தாண்டின சமதளத்துல, மாமா. இதுக்கப்பறம் ஏழெட்டு வளைவு எறக்கம். செயின் கட்டறதுக்குன்னு ஒதுக்கின எடத்துல ஓரங்கட்டிட்டேன். டிஷ்யூ பேப்பர் லோடு, கனமே இல்ல. முன்னால ஒரு வண்டி போய்ட்டிருந்துச்சு. ஏறி வர்ற வரைக்கும் அதோட டயர் தண்ணிய எறைச்சுக்கிட்டே வந்துச்சு. திடீர்னு எறைக்கல. ரோடு அதே ஈரமாத்தான் தெரியுது. ஆனா எறைக்கல. என் சைடு கண்ணாடிக் கம்பியப் பாத்தா கம்பி மேல கண்ணாடி மாதிரி ஐஸ் படிஞ்சிருக்கு. டயர் சத்தமும் அடங்கிருச்சு.”

“பிரேக் தொட்டியா?”

“தொடல. எஞ்சின் பிரேக்கயும் ஆஃப் பண்ணிட்டேன். கால மட்டும் மெதுவா எடுத்து, தானா வேகம் கொறையற வரைக்கும் நேரா புடிச்சிட்டிருந்து, ஓரத்துல சரளைக் கல்லு போட்டிருந்த எடத்துல ஏத்திட்டேன்.”

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவருடைய லாரி ஒன்று புக்கிட் தீமா பக்கம் மழையில் சறுக்கி, பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து தடுப்பில் மோதியது எனக்குத் தெரியும். அந்த டிரைவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

“செயின் கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?” என்றார். குரல் மாறியிருந்தது. இப்போது அவர் அவளைச் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஏத்தம்னா கட்டிக்கிட்டு ஏறிருப்பேன் மாமா. இந்த எறக்கத்துல, காத்தடிச்சா ஆடற லோட வச்சிக்கிட்டு, டிரெய்லர் பின்னாலருந்து சுத்திக்கிட்டு வந்துச்சின்னா செயின் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனி சாட்டிலைட் போன்ல ஆபீஸ்லருந்து ஒரு ஆளு கூப்ட்டான். மத்த வண்டியெல்லாம் போவுது, நீ ஏன் நிக்கிற, மொத வின்டர்லயே பயந்துட்டா இந்த வேல ஒனக்கு எதுக்குன்னு அந்த ஆளு கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“வேலைய விட்டு எடுக்கணும்னா எடுத்துக்க, வண்டிய இங்கருந்து எடுக்கமாட்டேன்னு சொன்னேன்மா. ரேடியோல பின்னால வர்றவங்களுக்கும் சொன்னேன். வந்தவங்கல்லாம் என் பின்னால வரிசையா நின்னுட்டாங்க. ஒருத்தர் மட்டும், இந்த ரோட்டுல இருவது வருஷமா ஓட்டறேன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போனாரு. ரெண்டாவது வளைவுல வண்டி மடங்கிப் படுத்துருச்சு. ஆளுக்குத் தோள்ல அடி, அவ்வளவுதான். நாங்க சில பேரு ஓரத்துச் சரளைலயே நடந்து போயி அவரக் கூட்டிட்டு வந்தோம். இப்ப என் வண்டியிலதான் படுத்திருக்காரு. ரோட்ட மூடிட்டாங்க. மணல் போடற வண்டி வரணும்.”

பின்னால் படுக்கையில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டினேன். வேறென்ன செய்வது?

“ஆபீஸ்ல அப்பறம் என்ன சொன்னாங்க?” என்றேன். அதுதானே எனக்குத் தெரிய வேண்டியது.

“அந்த ஆளோட மேனேஜரே கூப்ட்டாரு. எப்ப கெளம்பலாம்னு நீயே பாத்துச் சொல்லு, அது வரைக்கும் யாரும் ஒனக்குப் போன் பண்ணமாட்டாங்கன்னாரு.” சிரித்தாள். “மத்த வண்டிக்காரங்களும் அதேதான் சொல்றாங்க. நீ எடுத்தா எடுக்கறோம்னு.”

மூடிய மலைப்பாதையில் வரிசையாக லாரிகள். முதல் வண்டியில் என் மகள். அவள் கிளம்பினால்தான் மற்றவை கிளம்பும். எனக்கு அப்போது எழுந்து நின்று கிளைவ் ஸ்ட்ரீட் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. வாடிக்கையாளர் வருகிற நேரம் என்று அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். “வழுக்கறப்ப எஞ்சின் பிரேக் போடக் கூடாதுன்னு யாரும்மா சொன்னா? அங்க கிளாஸ்லயா?”

“கிளாஸ்லயும் சொன்னாங்க. ஆனா நான் மொத கேட்டது ஒங்ககிட்டதான் மாமா. அன்னிக்கு யார்டுல கோப்பி குடிச்சிட்டிருந்தப்ப, மழைல எஞ்சின் பிரேக் போட்டேன்னு ஒரு டிரைவரப் போட்டுத் திட்டினீங்களே. எனக்கு வேலதான் குடுக்கல, அத நல்லா சத்தமா சொன்னீங்க.”

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எங்கள் அப்பா இறந்தபோதுகூட எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைக்காத மனிதர். “சாப்ட்டுத் தூங்கும்மா. மணல் வண்டி வந்தாலும் அவசரப்படாத. அது போட்டத நீ எறங்கி மிதிச்சுப் பாத்துட்டு எடு” என்றார்.

“அதான் மாமா செய்வேன்” என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

அழைப்பு முடிந்ததும் அண்ணன் ஸ்டிக்கர் சுருளைத் தேடினார். தன் கையிலேயே வைத்துக்கொண்டு தேடினார். பிறகு என்னிடம், “அவ அனுப்புனாளே, அந்த மெசேஜ், அத எனக்கு அனுப்பு. நம்ம டிரைவர்ங்க குரூப்ல போடணும். என் மருமக அனுப்புனதுன்னு போட்டு, என்ன நடந்துச்சுன்னு நானே பேசிப் போடறேன். மழைல ஓட்டற பயலுவ கேக்கட்டும்” என்றார்.

“என் மருமக” என்று அவர் சொன்னதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். கவனித்தால் அழுதுவிடுவேன்.

போனைத் திறந்தேன். ‘அம்மா பணில நின்னுட்டேன்.’ இருபது வருடமாக வந்த பழக்கம், கை தானாக அந்த மூன்று சுழிக்குப் போனது. மாற்றி அடித்து அனுப்ப எவ்வளவு நேரமாகும்? தவறோடு ஒன்றை வெளியே விட்டு எனக்குப் பழக்கமில்லை. அதுவும் லாரிக்காரர்கள் இத்தனை பேர் படிக்கப் போகிறார்கள். அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். வேலையே போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டு என் மகள் அந்த மலையில் தன் கடமையில் நின்றாளே, அதை நினைத்துக்கொண்டு படித்தேன்.

அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஃபாரூக் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்னக்கா, அது ரெண்டு சுழி வரணுமே. திருத்தாமயா அனுப்புறீங்க? நீங்களா லா இது?”

“எதுக்குத் திருத்தணும்?” என்றேன். “சரியாத்தானே எழுதியிருக்கா.”